கிள்ளானில் சொல்லாத எண்

எங்கள் நிலையம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. வீட்டில் அடிபட்ட பெண்கள், யாராவது சொல்லிக் கேட்டு, படியேறி வருவார்கள். சிலர் பிள்ளைகளோடு வருவார்கள். சிலர் வேலை உடுப்போடு சாப்பாட்டு நேரத்தில் வந்து அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதை எழுதி, தருகிற காகிதங்களை ஸ்கேன் செய்து, கோப்பாக்கி வைப்பது என் வேலை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். பள்ளிப் படிப்பு ஐந்தாம் படிவம் வரைதான். ஆனால் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் எனக்குச் சோறு போடுகிறது.

ஒரு கோப்புக்குள் என்ன இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போலீஸ் புகார், மருத்துவமனை அறிக்கை, காயங்களின் படங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், பிள்ளைகளைப் புதிதாக எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள் என்ற விவரம். படம் வெளியே போனால் மானம் போகும். விலாசம் வெளியே போனால் உயிரே போகலாம்.

இது எங்களுக்கு உறைத்தது ஒரு தவறால்தான். உதவிக்கு வந்த ஒருவர், நல்ல எண்ணத்தோடு, விலாசத்தோடு இருந்த ஒரு படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது வேறொரு குழுவுக்கு. உடனே அழித்துவிட்டார். ஆனால் மறுநாள் மத்தியானம், பெண்களைத் தங்கவைத்திருந்த வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு புருஷன் வந்து நின்றான். கத்தவில்லை, கேட்டை ஆட்டவில்லை. சும்மா நின்றான். அது போதும். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் இருந்த எல்லாரையும் வேனில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனோம். ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆன்டி, இந்தத் தடவ எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள். அவளை ஜன்னலோரமாக உட்காரவைத்தேன். புது வீடு செமினி பக்கமா, செராஸ் பக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வழக்குகளை நடத்துகிற பெண் வழக்கறிஞருக்குக் கிள்ளானில் அலுவலகம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். அந்தச் சம்பவம் நடந்து சில நாட்களில் ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே கட்டை விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு பென்டிரைவ். முதுகில் கால்குலேட்டர் மாதிரிக் குட்டிக் குட்டி எண் பொத்தான்கள்.

"அக்கா, இது சாதா பென்டிரைவ் இல்ல. இதுக்குள்ளயே ஒரு சில்லு இருக்கு. நீங்க உள்ள போடுற ஒவ்வொரு ஃபைலையும் அது யாருக்கும் புரியாத மாதிரி மாத்தித்தான் எழுதும். மொதல்ல நம்பர அழுத்தி இதத் தொறக்கணும். அப்புறம்தான் கம்ப்யூட்டர்ல சொருகணும். நம்பர் இல்லாம சொருகுனா, இப்படி ஒண்ணு சொருகியிருக்குன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"நம்பர கம்ப்யூட்டர்ல அடிக்க வேணாமா?"

"வேணாம். அதுதான் விசேஷம். கோர்ட்டு கம்ப்யூட்டர்ல என்ன வைரஸ் இருந்தாலும் நம்ம நம்பர் அதுக்குத் தெரியாது."

"ஒடச்சுப் பாத்தா?"

"உள்ள பூரா பசை ஊத்தி இறுக்கிட்டாங்க. ஒடச்சா சில்லும் சேந்து ஒடையும். அப்புறம் ஒண்ணு. வரிசையா பத்து தடவ தப்பு நம்பர் போட்டா, உள்ள இருக்கிற சாவிய அதுவே அழிச்சிடும். அதுக்கப்புறம் நாமளே கெஞ்சுனாலும் திரும்ப வராது."

அதைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டம் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தும் என்னை. காரணம் கேட்டதற்கு, "நீங்கதான்க்கா எதையும் மறக்க மாட்டீங்க. யாருகிட்டயும் பேசவும் மாட்டீங்க" என்றார் மிஸ். அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது சும்மா சும்மா சிரித்துக்கொண்டே வந்தேன்.

எண்ணை நானே யோசித்து வைத்தேன். எட்டு இலக்கம். யாருடைய பிறந்த நாளும் இல்லை, கார் நம்பரும் இல்லை, அடையாளக் கார்டிலிருந்து எடுத்ததும் இல்லை. என்னையும் மிஸ்ஸையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் விரல் பார்க்காமலே அழுத்தப் பழகிவிட்டது. பச்சை விளக்கு எரியும்போது, தொழிற்சாலையில் ஆயிரம் பேர் இருந்த இடத்தில் ஸ்டோர் சாவி என் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் ஞாபகம் வரும்.

விதிகள் மூன்று. கயிற்றில் கோத்துக் கழுத்தில், உடுப்புக்கு உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து போகிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். அதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று முறை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து கிள்ளான் போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கல்லூரிப் பெண்கள் கைப்பேசியில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் சட்டைக்குள் முப்பது நாற்பது குடும்பங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். மழையோ வெயிலோ, ஒருநாள் தாமதமானது கிடையாது.

மூன்றாவது விதியை நான் மீறினேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை. தீபாவளிக்கு முன்னால் கிள்ளானில் இருக்கிற என் அக்கா, "அப்படி என்னடி பெரிய வேலை பாக்குற? ஃபைல் அடுக்கற வேலைதான?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கழுத்திலிருந்து அதை எடுத்துக் காட்டினேன். "எல்லா ஃபைலும் இதுக்குள்ள இருக்கு. நம்பர் என்கிட்ட இருக்கு. என்னை நம்பிக் குடுத்திருக்காங்க" என்றேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிற அம்மா ஒருவர் வாக்குமூலம் தருவதாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிறு மட்டும்தான் அவருக்கு விடுமுறை. அதற்கு முன்னால் மூன்று முறை வந்து உட்கார்ந்திருக்கிறார். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்த வாரம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்குப் பேசினார். வழக்கறிஞர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, முப்பது வருடக் கதையைச் சொன்னார். முடிந்ததும் மேசைமேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டி, "இதுல என் குரல் இருக்கக் கூடாது" என்றார். மிஸ் பதிவைப் பென்டிரைவில் ஏற்றி, அந்த அம்மாவின் கண் முன்னாலேயே கருவியில் இருந்ததையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தார். உலகத்தில் அந்தக் குரல் இப்போது என் கழுத்தில் மட்டும் இருந்தது. மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸ் கொண்டுபோய்ப் நிலையத்துப் பெட்டகத்தில் இருக்கிற ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

படி இறங்கும்போது அக்கா போன் செய்தாள். "கிள்ளான்லதான இருக்க? வந்து சாப்டுட்டுப் போ. நண்டு வாங்கியிருக்கேன்." நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அக்கா வீடுதானே, ஒரு மணி நேரம்தானே என்று போனேன்.

போனதும் அப்பளம் பொரிக்கச் சொன்னாள். நல்ல சுரிதாரில் எண்ணெய் தெறிக்கும் என்று வீட்டில் போடுகிற தன் கஃப்தான் ஒன்றைக் கொடுத்தாள். அது தொளதொளவென்று கழுத்து இறங்கியிருந்தது. கயிறு வெளியே தெரிந்தது. கழற்றி என் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து, பையை அறையில் அலமாரிக்குள் வைத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. வெளியே போயிருந்த அக்கா வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் சாப்பிட வந்திருப்பதாக அக்கா சொன்னாள். எட்டிப் பார்த்தேன்.

அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு கோப்பின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தை நான்தான் ஒட்டினேன். அவன் மனைவியின் இடது கையை எலும்பு மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயை ஸ்கேன் செய்ததும் நான்தான். அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இப்போது எந்த வீட்டில், எந்த அறையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் பளிச்சென்று சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, சோபாவின் ஓரத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, வணக்கம். நீங்கதான் அந்த பிரிக்பீல்ட்ஸ் ஆபிஸ்ல இருக்கீங்களாம். ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

"வேலை விஷயம் நான் வெளிய பேசறதில்லீங்க."

"பிள்ளைங்கள பாத்து நாலு மாசம் ஆச்சுக்கா. எந்த ஸ்கூல்னு மட்டும் சொல்லுங்க. தூரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன். சாமி சத்தியமா கிட்டகூட போக மாட்டேன்."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எக்ஸ்ரேயும் பொய் இல்லை.

"நீங்க யாரப் பத்திக் கேக்கறீங்கன்னே எனக்குத் தெரியல" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "பாவம்டி. அவங்க அம்மா என்கிட்ட வந்து எப்படி அழுதாங்க தெரியுமா? ஸ்கூல் பேரு சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

நண்டு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நான் கெளம்பறேன்" என்றேன். அக்கா விடவில்லை. இலை போட்டாச்சு, சாப்பிடாமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று அடுப்படி வரைக்கும் பின்னாலேயே வந்து அழுதாள். அவளைச் சமாதானம் செய்து, அடுப்பை அணைத்து, உடுப்பு மாற்ற அறைக்குள் போனபோது அலமாரி திறந்திருந்தது. பை கட்டில்மேல் கிடந்தது. உள் ஜிப் வாயைப் பிளந்திருந்தது. கைப்பேசி இருந்தது, பர்ஸ் இருந்தது. அது இல்லை.

கஃப்தானோடு வெளியே ஓடினேன். அவன் கார் பக்கத்தில் நின்று, கட்டை விரலால் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தான். அது என்னவென்று அக்காதான் சொல்லியிருக்க வேண்டும். அழுத்தி முடித்ததும் சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. திரும்ப அழுத்தினான். திரும்பவும் சிவப்பு.

"குடுங்க அத" என்றேன்.

"நம்பர சொல்லு." இப்போது அக்கா என்ற சொல் இல்லை, மரியாதையும் இல்லை.

"சொல்ல மாட்டேன்."

அவன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, இவங்க பொறந்த தேதி என்ன?"

வாசற்படியில் நின்றிருந்த என் அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். சொல்லிவிட்டாள். நாள், மாதம், வருடம். என் கூடப் பிறந்தவள். அவன் அழுத்தினான். சிவப்பு.

அந்த இடத்தில்தான் எனக்கு மிஸ் சொன்ன பத்துக் கணக்கு ஞாபகம் வந்தது. நான் பார்த்து மூன்று ஆகிவிட்டது. நான் வருவதற்கு முன்னால் எத்தனை என்று தெரியாது. "அழுத்தாதீங்க, அழிஞ்சிடும்" என்று சொன்னால் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் காரில் ஏறிக் கொண்டுபோய்விடுவான். யாரிடம் காட்டுவான், என்ன செய்வான், தெரியாது. திறக்க முடியாது என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் நம்பினேன். ஆனால் ஒன்றுமே உள்ளே இல்லையென்றால் நம்ப வேண்டிய அவசியமே இல்லையே. சொல்லாமல் விட்டால் அவன் விரலே எல்லாவற்றையும் அழித்துவிடும். மற்ற கோப்புகளுக்குப் பெட்டகத்தில் பிரதி இருந்தது. அந்த அம்மாவின் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கிடையாது. நாலு தடவை வந்து, கடைசியில் வாய் திறந்த அம்மா. அவரிடம் போய் என்ன சொல்வேன்?

வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை வேறு செய்ததில்லை. சும்மா நிற்பதுதான் அந்த வேலை.

அவள் கோப்புக்கு அவள் நம்பராகத்தான் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, மனைவியின் அடையாளக் கார்டு நம்பரைப் போட்டான். சிவப்பு. "அவ எல்லாத்துக்கும் கல்யாண தேதியத்தான் வெப்பா" என்று முணுமுணுத்து அதையும் போட்டான். சிவப்பு. பொத்தான் சின்னது, அவன் விரல் பெரியது. வியர்வையில் வழுக்கியது. எதிர் வீட்டில் ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி எங்களையே பார்த்தார்.

அவன் நிறுத்தினான். என் முகத்துக்கு நேரே அதை நீட்டினான். "கடைசியா கேக்கறேன். உனக்குத் தெரியும்தான?"

"தெரியும்" என்றேன். "எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுத் தடவை ஏதோ ஒரு பொத்தானையே அழுத்தினான். இந்த முறை சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னின. அப்புறம் நின்றுவிட்டது.

"தொறந்துடுச்சா?" என்றான். குரலில் ஒரு சந்தோஷம்.

"இல்ல. அழிஞ்சிடுச்சு. இப்ப அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. உங்க வீட்டு ஆளுங்களும் இல்ல, வேற யாரும் இல்ல."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அதை வீசி எறிந்தான். கேட்டில் பட்டு வாய்க்கால் ஓரமாக விழுந்தது. எதிர் வீட்டுக்காரர் குழாயைப் போட்டுவிட்டு, "அலோ பாஸ், என்ன சத்தம் அங்க?" என்று கேட்டைத் தாண்டி வந்தார். அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் குனிந்து அதை எடுத்தேன். ஒரு மூலையில் சின்னக் கீறல், வேறொன்றும் இல்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல், சுரிதாரைப் பையில் திணித்துக்கொண்டு, கஃப்தானோடே சந்து முனை வரைக்கும் நடந்து போய் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

பத்து நிமிடத்தில் காரோடு வந்தார். ஏறி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போனது, கழற்றி வைத்தது, தீபாவளிக்கு முன்னால் காட்டியது, ஒன்றையும் விடவில்லை.

"யாரு கைக்கும் எதுவும் போகலதான?"

"போகல மிஸ்."

அதை வாங்கிப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். கடையில் வாங்கிய நாள் மாதிரி, புது எண் வைக்கச் சொல்லி விளக்கு மின்னியது. ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "வேலை செஞ்சிருக்குலா அக்கா. இவ்வளவு நாள் பெட்டியில எழுதியிருந்தத நான் சும்மா நம்பிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் பாக்கறேன்." அப்புறம் சிரிப்பு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே முகம் ஞாபகம் வந்தது.

"அந்த அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"வேணாம் மிஸ். நான்தான் போகணும்."

முதலில் போலீஸ் பாலாயில் போய்ப் புகார் எழுதினோம். எதிர் வீட்டுக்காரர் தானாகவே சாட்சி சொல்ல வந்தார். பிறகு, அவனுக்கு எதிராக இருந்த பாதுகாப்பு உத்தரவை நீதிமன்றம் இன்னும் கடுமையாக்கியதற்கு அன்றைக்கு நடந்ததும் ஒரு காரணம்.

மறுநாள் கிளினிக்கின் பின்பக்கம், அந்த அம்மாவின் வேலை முடிகிற நேரத்துக்குப் போய் நின்றேன். அக்கா வீட்டில் ஒருவன் அதை எடுத்து எண் கேட்டதையும், என் தவறால் அவர் சொன்னது அழிந்துவிட்டதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"நான் சொன்னத அந்த ஆளு கேட்டானா?"

"இல்லம்மா. யாரும் கேக்கல. உங்க குரல் ஒருத்தர் காதுக்கும் போகல."

"நம்பர சொல்லியிருந்தா அழிஞ்சிருக்காதுல்ல?"

"அழிஞ்சிருக்காது."

"உன் அக்கா எதிர்லயே சொல்லாம நின்னியா?"

"ஆமாம்மா."

தலையை ஆட்டினார். "அப்ப சரி. திரும்பச் சொல்றேன். மொத தடவ இது எங்க போவுமோ, யாரு கேப்பாங்களோன்னு பயந்து பயந்து பாதிய முழுங்கிட்டேன். நீ எதிர்ல உக்காரு. உன்னப் பாத்தே சொல்றேன்."

அடுத்த ஞாயிறு என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். சேலைத் தலைப்பு அன்றைக்கு மடியிலேயே கிடந்தது. முதல் முறை சொல்லாத இரண்டு விஷயங்களைச் சொன்னார். அந்த இரண்டுதான் வழக்குக்கு முதுகெலும்பு என்று மிஸ் பிறகு சொன்னார். விசாரணை நாளன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றிருந்த என்னிடம் அந்த அம்மா வந்து, "உத்தரவு குடுத்துட்டாங்க. இனிமே அந்த மனுஷன் என் வாசலுக்கு வரக்கூடாதாம்" என்றார். என் கன்னத்தை ஒரு முறை தட்டிவிட்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

பென்டிரைவை எடுத்தவனின் மனைவியிடமும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிய வேண்டிய உரிமை இருந்தது. முதலில் முகம் வெளுத்துவிட்டது. ஜன்னல் கொக்கியைப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் போட்ட எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, கல்யாணத் தேதி என்றதும் நிமிர்ந்தார். "கல்யாண தேதியா? பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட அந்த நாளு அவருக்கு ஞாபகம் வந்ததில்லக்கா." சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். பிள்ளைகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்து பார்த்தார்கள். அம்மா சிரிப்பதை அவர்கள் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும்.

நிலையக் கூட்டத்தில் என் தவறுகளை நானே எழுந்து நின்று சொன்னேன். இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மிஸ் இன்னொரு பென்டிரைவை வாங்கி வந்திருந்தார். இனிமேல் பதிவு செய்த இடத்திலேயே இரண்டு பிரதி, இரண்டு பேர், இரண்டு வழி என்று முடிவானது. முதல் பிரதி யாரிடம் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. பழையதை என் முன்னால் தள்ளி வைத்தார்கள். புது எண் வைத்தேன். கீறல் விழுந்த அதேதான், இன்றைக்கும் கழுத்தில் இருக்கிறது.

அக்காவோடு எட்டு மாதம் பேச்சு இல்லை. அவள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். பொங்கலுக்கு அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்து கரும்பு கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, பூக்கடைப் படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு முட்டி வலி, படி ஏறவே மாட்டாள். ஏறி வந்திருந்தாள். அவள் பின்னால், வெயிலிலும் நீளக் கை சட்டை போட்ட இளம் பெண் ஒருத்தி. பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தவள், தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்றாள் அக்கா. அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க சொன்னா வெளிய போயிடுமாக்கா?" என்று அக்காவிடம்தான் கேட்டாள், என்னிடம் இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "போவாதும்மா. இவ என் தங்கச்சி. கூடப் பொறந்த என்கிட்டயே சொல்லாதவ. நீ தைரியமா சொல்லு."

மேசை இழுப்பறையைத் திறந்தேன். படிவத்தையும் பேனாவையும் எடுத்தேன். சொல்கிறவரும் கேட்கிறவரும் தவிர அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது எங்கள் நடைமுறை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"நான் கீழ பூக்கடையில இருக்கேன்" என்றாள். "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல."

கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள்.